தோற்பதற்கு ஒரு அட்டவணை

லாஸ் வேகாஸ் கேசினோக்களில் இருக்கும் பரிசுப்பொருள் கடைகளில் ஒரு சின்ன அட்டை விற்கிறார்கள். சாவிக்கொத்து, டீ-ஷர்ட், ஆடி ஓய்ந்த பழைய சீட்டுக்கட்டு இவற்றுக்குப் பக்கத்தில் தொங்கும். கைக்கு அடக்கமான அளவு, முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். பிளாக்ஜாக் ஆட்டத்தில் எந்தக் கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தக் கட்டங்களில் இருக்கும். வாங்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்துக்கொண்டே ஆடலாம். டீலர் முகம் சுளிக்க மாட்டார். மேலாளர் வந்து பிடுங்க மாட்டார். "புத்தகத்துப்படி பார்த்தா இங்கே சீட்டு கேட்கணும் சார்" என்று தாங்களே எடுத்துக் கொடுக்கும் டீலர்களும் உண்டு.

இதைப் பார்த்தும் ஒருவருக்குச் சந்தேகம் வரவில்லை என்றால் என்ன செய்வது? எந்த ஊரில் அடகுக்கடைக்காரர் தன் இரும்புப்பெட்டிச் சாவியை வாசலில் தொங்கவிட்டு விற்கிறார்?

ஆனாலும் அந்த அட்டையில் இருக்கும் 'அடிப்படை உத்தி'யைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஜெயிப்பதற்கான வழி என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். "மத்ததெல்லாம் சூதாட்டம் மச்சி, பிளாக்ஜாக் மட்டும்தான் கணக்கு" என்று ஹாஸ்டல் அறைகளில் ஒரு வசனம் உலவுகிறது. கணக்கு என்பது உண்மைதான். அந்தக் கணக்குக்கு விடை என்ன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. விடை மைனஸில் இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு மட்டும் நாலு வரி. ஆடுகிறவருக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு சீட்டு. டீலரின் சீட்டில் ஒன்று திறந்திருக்கும், ஒன்று கவிழ்ந்திருக்கும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. ஏஸை ஒன்றாகவும் எண்ணலாம், பதினொன்றாகவும் எண்ணலாம். 21-க்குப் பக்கத்தில் போகிறவருக்கு வெற்றி, தாண்டினால் அவுட். முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்துமாக வந்துவிட்டால் அதுதான் பிளாக்ஜாக், பந்தயத்துக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும் (கிடைக்க வேண்டும், அது பற்றிப் பின்னால்). சீட்டு கேட்கலாம், போதும் என்று நிற்கலாம், பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்கலாம், ஜோடி வந்தால் இரண்டு கையாகப் பிரிக்கலாம். இத்தனை வசதியும் ஆடுகிறவருக்குத்தான். டீலருக்கு ஒரு சுதந்திரமும் கிடையாது. 16 வரை எடுத்தே ஆகவேண்டும், 17 வந்தால் நின்றே ஆகவேண்டும்.

இந்தக் கடைசி விதியைப் பிடித்துக்கொண்டுதான் நாலு பேர் கணக்கைத் தொடங்கினார்கள். ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டர்மட். 1950களில் அமெரிக்க ராணுவத்தில், மேரிலாந்து மாநிலத்து அபர்டீன் சோதனைத் தளத்தில் இருந்தவர்கள். போக்கரில் எதிராளி என்ன நினைக்கிறான் என்று கணிக்க வேண்டும். பிளாக்ஜாக்கில் டீலர் எதையும் நினைப்பதில்லை. அவர் கையும் காலும் விதியால் கட்டப்பட்டிருக்கிறது. அப்படியானால் அவர் திறந்து வைத்திருக்கும் ஒற்றைச் சீட்டை வைத்து, அவர் எங்கே போய் முடிவார் என்பதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டுவிடலாம். அந்த வாய்ப்பு தெரிந்தால், ஒவ்வொரு கைக்கும் எது நல்ல முடிவு என்றும் கணக்கிட்டுவிடலாம்.

சொல்ல எளிது. ஆடுகிறவரின் ஒவ்வொரு கைக்கும், டீலரின் பத்து வகைத் திறந்த சீட்டுக்கும், அதற்குப் பின் வரக்கூடிய எல்லா வரிசைக்கும் கூட்டிப் பெருக்க வேண்டும். நாலு பேரும் இதை மேஜைக் கணக்கு இயந்திரங்களில் தட்டித் தட்டிச் செய்தார்கள். (உலகின் முதல் பெரிய மின்னணுக் கணினிகளில் ஒன்றான எனியாக் அதே அபர்டீனில்தான் இருந்தது. அது பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று பார்க்கும் வேலையில் இருந்தது, சீட்டாட்டத்துக்குக் கொடுப்பார்களா?) 1956 செப்டம்பரில் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தது. பின்னாளில் கணினியில் சரிபார்த்தவர்கள், கையால் போட்ட கணக்கு இவ்வளவு துல்லியமா என்று வியந்தார்கள். இன்றைக்குக் கடையில் தொங்கும் அட்டையின் தாத்தா அந்தக் கட்டுரைதான்.

அதில் அவர்கள் கண்ட முடிவு என்ன? மிகச் சிறப்பாக, ஒரு தவறும் இல்லாமல் ஆடினால், பந்தயம் கட்டும் ஒவ்வொரு நூறு டாலருக்கும் சராசரியாக 62 சென்ட் நஷ்டம். லாபம் என்று படித்துவிடக் கூடாது, நஷ்டம். அடுத்த வருடம், 1957-ல், நால்வரும் அதைப் பொதுமக்களுக்கான புத்தகமாகக் கொண்டுவந்தபோது தலைப்பில் 'ஜெயிக்க' என்ற வார்த்தை ஏறிவிட்டது. ஆய்விதழில் மைனஸ், அட்டைப்படத்தில் வெற்றி. அன்றைக்கு ஏறிய வார்த்தை இன்னும் இறங்கவில்லை.

'சரியான ஆட்டம்' என்றால் என்ன என்பதை ஒரு கையை வைத்துப் பார்த்தாலே புரிந்துவிடும். ஆடுகிறவர் கையில் 16. டீலர் காட்டுவது பத்து. பிளாக்ஜாக் ஆடுகிற எவருக்கும் வயிற்றைக் கலக்கும் கை இது. நின்றால்? டீலர் 21-ஐத் தாண்டி அவுட் ஆனால் மட்டுமே பிழைப்பு. பத்தை வைத்திருக்கும் டீலர் அப்படி அவுட் ஆவது நூற்றுக்கு 23 தடவை போல. மீதி 77 தடவை பணம் போகும். 23-ஐக் கழித்தால் நூறு டாலருக்கு 54 டாலர் நஷ்டம். சரி, சீட்டு கேட்டால்? பதிமூன்று வகைச் சீட்டில் ஏஸ் முதல் ஐந்து வரை ஐந்து வகைதான் காப்பாற்றும், எட்டு வகை அங்கேயே அவுட். காப்பாற்றினாலும் டீலர் அதைவிடப் பெரிதாக எடுக்கலாம். எல்லாம் கூட்டிப் பார்த்தால் அதுவும் ஏறக்குறைய 54 நஷ்டம்தான், ஒரு மயிரிழை குறைவு. அந்த மயிரிழைக்காகத்தான் அட்டையில் 'சீட்டு கேள்' என்று போட்டிருக்கிறது. பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகும் 'சரண்டர்' வசதி இருக்கும் மேஜையாக இருந்தால் அதைச் செய் என்று சொல்லும். அப்போது நஷ்டம் 50. இந்தக் கைக்கு உத்தியால் கொடுக்க முடிந்த மிகப் பெரிய வெற்றி அதுதான், 54-க்குப் பதில் 50 தோற்பது.

கையில் 12, டீலரிடம் 2. கேட்டாலும் நஷ்டம், நின்றாலும் நஷ்டம், கேட்பது கொஞ்சம் குறைந்த நஷ்டம். இரண்டு எட்டு, டீலரிடம் பத்து. பிரி என்கிறது அட்டை. பயந்தாங்கொள்ளிகள் பிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் பந்தயம் இரட்டிப்பாகிறது. பிரிப்பதுதான் சரி, ஆனால் பிரித்தாலும் கணக்கு மைனஸ்தான். இப்படி அட்டையில் உள்ள இருநூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்களில் ஏராளமான கட்டங்கள் நஷ்டக் கட்டங்களே. லாபக் கட்டங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 11 வந்து டீலரிடம் 6 இருந்தால் இரட்டிப்பாக்குவது அருமையான லாபம். அந்த லாபமெல்லாம் இந்த நஷ்டத்தை நிரப்பப் போகிறது, போயும் முழுக்க நிரம்பவில்லை.

ஏன் நிரம்பவில்லை? டீலர் முட்டாள்தனமாக ஒரே விதியில் ஆடுகிறார், ஆடுகிறவருக்கோ அத்தனை சுதந்திரம், பிளாக்ஜாக்குக்குக் கூடுதல் பணம் வேறு. பிறகு எப்படி கேசினோ ஜெயிக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலேயே அட்டையை மனப்பாடம் செய்தவர்கள் நிறைய. பதில் சின்னது. ஆடுகிறவர் முதலில் ஆட வேண்டும். அவர் 21-ஐத் தாண்டினால் அந்த நொடியே பணம் போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் பணம் திரும்பி வராது. டீலரைப் போலவே 16 வரை எடுத்து 17-ல் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொண்டால் இரண்டு பேரும் தனித்தனியே நூற்றுக்கு 28 தடவை போல அவுட் ஆவார்கள். 28 சதவீதத்தில் 28 சதவீதம், கிட்டத்தட்ட 8 சதவீதம் தடவை இருவருமே அவுட். நியாயப்படி சமன், ஆனால் பணம் கேசினோவுக்கு. பிளாக்ஜாக்குக்குக் கிடைக்கும் கூடுதல் அரை மடங்கில் இரண்டேகால் சதவீதம் போல திரும்பி வருகிறது. மீதி ஐந்தரைக்கு மேல் கேசினோ கையில். அடிப்படை உத்தி செய்வதெல்லாம் இந்த ஐந்தரையைத் தேய்த்துத் தேய்த்து, நல்ல விதிகள் உள்ள மேஜையில் அரை சதவீதத்துக்குக் கொண்டுவருவது. பெரிய வேலைதான், மறுப்பதற்கில்லை. அதோடு அதன் வேலை முடிந்தது. பூஜ்யத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக அதற்குச் சக்தி கிடையாது.

அட்டை உருப்படியாகக் காப்பாற்றும் இடம் ஒன்று உண்டு, அது 'இன்சூரன்ஸ்'. டீலர் ஏஸைக் காட்டும்போது, "கவிழ்ந்திருப்பது பத்தாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பாதிப் பணம் கட்டி இன்சூர் செய்துகொள்ளுங்கள், இரண்டு மடங்கு தருகிறோம்" என்பார்கள். பெயரைக் கேட்டாலே பொறுப்பான குடும்பஸ்தன் செய்கிற காரியம் மாதிரி இருக்கும். பதிமூன்றில் நாலு வகைதான் பத்து. பதிமூன்று தடவை ஒரு டாலர் கட்டினால் நாலு தடவை இரண்டிரண்டாக எட்டு டாலர் வரும், ஒன்பது தடவை ஒவ்வொரு டாலர் போகும். நூற்றுக்கு 7.7 நஷ்டம். கையில் பிளாக்ஜாக்கே இருந்தாலும் வேண்டாம் என்கிறது அட்டை. உத்தி படித்த ஆசாமிகள் சிலர் கூட அந்த ஒரு இடத்தில் மட்டும் "கைக்கு வந்த காசை விடக்கூடாது" என்று அட்டையைத் திருப்பி வைத்துவிடுவார்கள்.

இனி அந்த அரை சதவீதத்துக்கு வரலாம். அதைத்தான் மிகப் பெருமையாகச் சொல்கிறார்கள். "வெறும் அரை சதவீதம்தான், லாட்டரியைப் பார், குதிரையைப் பார்." அரை சதவீதம் எதற்கு? கையில் கொண்டுபோன பணத்துக்கு அல்ல, மேஜையில் கட்டும் ஒவ்வொரு பந்தயத்துக்கும். பத்து டாலர் பந்தயம், மணிக்கு எழுபது ஆட்டம் என்றால் ஒரு மணி நேரத்தில் 700 டாலர் மேஜையைக் கடந்து போயிருக்கும். இருநூறு டாலரோடு உட்கார்ந்தவர் ராத்திரி எழுந்திருக்கும்போது நாலாயிரம், ஐயாயிரம் டாலருக்கு ஆடியிருப்பார். மணிக்கு மூன்றரை டாலர் என்பது சராசரி. அந்தச் சராசரியைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் விஷயமே. ஒரு மணி நேரத்தில் ஏற்ற இறக்கம் நூறு டாலர் வரை சாதாரணமாக இருக்கும். இவ்வளவு பெரிய அலைக்கு நடுவே மூன்றரை டாலர் ஓட்டை யார் கண்ணுக்குத் தெரியும்?

அதனால் நடப்பதைப் பாருங்கள். நூறு மணி நேரம் ஒரு தவறும் இல்லாமல் பத்துப் பத்து டாலராகவே ஆடியவர்களை எடுத்துக்கொண்டால், சராசரி நஷ்டம் 350 டாலர். ஆனால் அவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் லாபத்தில் இருப்பார்கள். வெறும் அதிர்ஷ்டத்தால். அவர்களுக்கு அது அதிர்ஷ்டம் என்று தெரியாது. சீட்டு வந்த வேகத்தையும் தன் ஒழுக்கத்தையும் மனப்பாடம் செய்த அட்டையையும் சேர்த்து, "படிச்சு ஆடினா ஜெயிக்கலாம், நானே சாட்சி" என்பார்கள். பொய் சொல்லவில்லை, பாவம். மீதி இரண்டு பேர் வாயைத் திறப்பதில்லை. தோற்றதை யார் கதையாகச் சொல்வார்கள்? ஆயிரம் மணி நேரம் ஆடவிட்டால் எட்டில் ஒருவர்தான் லாபத்தில் மிஞ்சுவார். அப்போதும் அந்த ஒருவரின் குரல்தான் எல்லோருக்கும் கேட்கும்.

தோற்றவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் கவலைப்பட வேண்டிய இடம். ஒன்றும் தெரியாமல் ஆடித் தோற்றவன் "நமக்கு இது சரிப்படாது" என்று எழுந்து போய்விட முடியும். அட்டையை மனப்பாடம் செய்தவனால் முடியாது. அவன் சரியாக ஆடினான். ஒவ்வொரு கையும் புத்தகத்துப்படி. அப்படியும் பணம் போனால் குற்றம் யாருடையது? உத்தி சரி, தானும் சரி, எனவே நேரம் சரியில்லை. நேரம் மாறும்வரை உட்கார வேண்டியதுதான். பணம் போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் எடுத்துவர வேண்டியதுதான். கணக்கு தன் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறவனுக்கு எழுந்திருக்கக் காரணமே கிடைக்காது. சூதாட்டத்தில் மூடநம்பிக்கை ஒருவனை மேஜையில் பிடித்து வைக்கும் என்பார்கள். பாதி புரிந்த கணக்கு அதைவிட உறுதியாகப் பிடித்து வைக்கும். ராசியான சட்டை பொய் என்று என்றாவது தெரிந்துவிடும். அட்டை பொய் சொல்லவே இல்லையே!

"பொழுதுபோக்குக்குத்தானே ஆடுகிறோம், சினிமா டிக்கெட் மாதிரி மணிக்கு மூன்றரை டாலர்" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். கணக்குத் தெரிந்து, தோற்கப்போகிறோம் என்று தெரிந்து, திரும்பி வராத பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவரிடம் சண்டைக்கு ஒன்றுமில்லை. அவருக்கு அட்டை நல்லது. ஒரே ஒரு கேள்வி, டிக்கெட் விலை மூன்றரை டாலர்தான் என்று யார் சொன்னது?

மேஜை விரிப்பில் ஒரு வரி அச்சிட்டிருக்கும். பிளாக்ஜாக்குக்கு எவ்வளவு தருவார்கள் என்பது அது. பழைய வழக்கம் 3-க்கு 2, அதாவது பத்து டாலருக்குப் பதினைந்து. 2000களின் தொடக்கத்தில் லாஸ் வேகாஸில் ஒற்றைக் கட்டு மேஜைகளில் 6-க்கு 5 என்று ஒரு சமாச்சாரம் பரவியது, பிறகு ஆறு கட்டு, எட்டு கட்டு மேஜைகளுக்கும் வந்துவிட்டது. 6-ம் 5-ம் 3-ஐயும் 2-ஐயும் விடப் பெரிய எண்கள், அதனால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற ஆள்கூட இருக்கக்கூடும். பத்து டாலருக்கு இப்போது பன்னிரண்டுதான். பிளாக்ஜாக் இருபத்தோரு ஆட்டத்துக்கு ஒரு தடவை போல வரும், மணிக்கு மூன்று தடவைக்குச் சற்று மேல். தடவைக்கு மூன்று டாலர் குறைந்தால் மணிக்கு ஒன்பது, பத்து டாலர் கூடுதல் நஷ்டம். மூன்றரையோடு இதைச் சேர்த்தால் டிக்கெட் விலை ஏறக்குறைய நாலு மடங்கு. ஏஸைப் பதினொன்றாக எண்ணி வரும் 17-க்கும் டீலர் சீட்டு எடுப்பார் என்று விதி இருந்தால் இன்னும் ஒரு ஐந்தில் ஒரு சதவீதம். மொத்தம் இரண்டு சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். முன்னே சொன்ன நூறு மணி நேரக் கணக்கை இந்த மேஜைக்குப் போட்டால், மூன்றில் ஒருவராக இருந்த அதிர்ஷ்டசாலி பதினான்கில் ஒருவராகிவிடுகிறார்.

இவ்வளவையும் செய்ய கேசினோ அட்டையில் ஒரு கட்டத்தைக் கூட மாற்ற வேண்டியதில்லை. 16-க்கு என்ன, 12-க்கு என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற ஆள், விரிப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஒரு வரியைப் படிக்காமல் உட்கார்ந்துவிட்டால் ஒரு வருட மனப்பாடமும் வீண். இருநூறு கட்டத்தைச் சொல்லிக் கொடுக்கிற ஆசான்கள் முதல் பாடமாக இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தால் என்ன?

'திறமை' என்ற வார்த்தை மயக்குகிற மயக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் அறுபதுகளின் இறுதியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஆன்லைன் ரம்மிக் கம்பெனிகள் வருடக் கணக்கில் விளம்பரம் செய்தன. 2022-ல் மாநில அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது, 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் மட்டும் அதிலிருந்து விலக்கியது, 2025-ல் வந்த மத்தியச் சட்டம்தான் திறமையோ அதிர்ஷ்டமோ பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்றது. திறமை இருக்கிறதா என்று நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியைத் தொடவேயில்லை. திறமை இருந்தால் லாபம் வருமா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். பிளாக்ஜாக்கில் திறமை உண்டு, சந்தேகமே இல்லை, டீலரைப் போல ஆடுகிறவனுக்கும் அட்டையைப் போல ஆடுகிறவனுக்கும் ஐந்து சதவீத வித்தியாசம். அப்படியும் இரண்டு பேரும் தோற்கிற பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

"அப்ப '21' படத்துல வர்றது?" என்று கேட்பார்கள். 2008-ல் வந்த அந்தப் படமும் அதற்கு மூலமான எம்.ஐ.டி. மாணவர் குழுவும் செய்தது வேறு, அது சீட்டு எண்ணுவது. அடிப்படை உத்தி அதற்கு முதல் படி, அவ்வளவுதான். நீச்சலுக்கு முன்னால் சட்டையைக் கழற்றுகிற மாதிரி. சட்டையைக் கழற்றியவனெல்லாம் கடலில் குதித்தால்? முதன்முதலில் சீட்டு எண்ணும் கணக்கைப் போட்ட எட்வர்ட் தார்ப்பின் கதையே இதற்குச் சாட்சி. 1958 டிசம்பரில், அந்த நால்வரின் கட்டுரையைக் கேள்விப்பட்டு, அதன் உத்தியை ஒரு சின்ன அட்டையில் எழுதிக்கொண்டு லாஸ் வேகாஸ் போனார். பத்து வெள்ளி டாலரோடு உட்கார்ந்தார். அதில் பெரும்பகுதியைத் தோற்றார்! அவர் கணிதக்காரர், நேரம் சரியில்லை என்று சொல்லவில்லை. திரும்பி வந்து கட்டுரையைத் தேடிப் படித்தார். போன சீட்டுகள் கட்டுக்குள் திரும்ப வராதபோது வாய்ப்புகள் மாறிக்கொண்டே இருக்குமே, அதைப் பின்தொடர்ந்தால் என்ன என்று யோசித்தார். எம்.ஐ.டி.யில் ஐ.பி.எம். 704 கணினியில் கணக்குப் போட்டு, 1962-ல் புத்தகம் எழுதினார்.

அதற்குப் பின் கேசினோக்கள் நடந்துகொண்ட விதம்தான் படிக்க வேண்டிய பாடம். 1964-ல் லாஸ் வேகாஸ் கேசினோக்கள் கூட்டாகச் சேர்ந்து இரட்டிப்பாக்குவதையும் பிரிப்பதையும் சுருக்கி விதியை மாற்றின. வாடிக்கையாளர்கள் எழுந்து போய்விட்டதால் சில வாரங்களில் பழைய விதிக்கே திரும்பின. பிறகு வேறு வழிகளைப் பிடித்துக்கொண்டன. ஒரு கட்டுக்குப் பதில் ஆறு கட்டு, எட்டு கட்டு. பாதியிலேயே கலைப்பது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சீட்டை விழுங்கி மீண்டும் கலக்கிக்கொண்டே இருக்கும் இயந்திரம். நெவாடாவில் எண்ணுகிறவர் என்று சந்தேகம் வந்தால் "நீங்கள் இங்கே பிளாக்ஜாக் ஆட வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். நியூ ஜெர்சியில் கென் உஸ்டன் வழக்குப் போட்டு, 1982-ல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்து, திறமையாக ஆடுகிறார் என்பதற்காக கேசினோ தன்னிச்சையாக ஒருவரை வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பு வாங்கினார். அதன்பின் அங்கே ஆளை விட்டுவிட்டுச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்கள்.

தார்ப் மேஜையைவிட்டு எழுந்து, 1969-ல் நிதிச் சந்தையில் தன் கம்பெனியைத் தொடங்கப் போய்விட்டார்.

இப்போது மேஜையில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால், ஒருவர் அட்டையில்லாமல், வாய் பேசாமல், போகும் சீட்டை மனதில் எண்ணுகிறார். மேலே கேமராவில் அவரை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கோட்டு போட்ட ஒருவர் பின்னால் வந்து மரியாதையாகத் தோளைத் தொடுவார். இன்னொருவர் கடையில் வாங்கிய அட்டையை விரிப்பில் வைத்து, ஒவ்வொரு கைக்கும் கட்டத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாக, மிகச் சரியாக ஆடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இலவசமாக அடுத்த கோப்பை வந்துகொண்டிருக்கிறது.